தமிழ் ட்ரக் கம்பனி உரிமையாளர்களுக்கு: பில்லைக் காட்டுங்கள், பிடித்த காசைத் திருப்பித் தாருங்கள்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் சொந்த ட்ரக் வைத்து ஓடும் ஓனர் ஒப்பரேட்டர்களைச் சேர்த்து ட்ரக் கம்பனி நடத்தும் தமிழ் உரிமையாளர்களுக்கு,

போன மாதம் ஒரு கம்பனியின் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி அறிவித்தல் ஒன்று வந்தது. அடுத்த செட்டில்மென்டில், அதாவது ஓடிய காசைக் கணக்குப் பார்த்துத் தருவதில் இருந்து, டீசல் விலையேற்றத்துக்கான ஃபியூல் சேர்சார்ஜ் தனியாகத் தரப்படாது, எல்லாம் ரேட்டுக்குள் அடக்கம். ஓனர் ஒப்பரேட்டரின் காசில் கம்பனி பிடித்து வைக்கும் ஹோல்ட்பாக் 3,000 டொலரில் இருந்து 5,000 டொலராகிறது, கூடுகிற காசை வாராவாரம் வெட்டுவோம். விலகுகிறவர்களுக்கு அந்தக் காசு ஆறு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். சம்மதம் இல்லாதவர்கள் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கழற்றித் தந்துவிட்டுப் போகலாம். அவ்வளவுதான். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாற்றுவதென்றால் இரண்டு தரப்பும் இருந்து கதைக்க வேண்டும் என்ற நினைப்பே அந்த நாலு வரியில் இல்லை.

நான் அந்தக் கம்பனியில் இருந்து ஏற்கெனவே விலகிவிட்டேன். என்னிடம் பிடித்து வைத்த காசு இன்னும் வரவில்லை. கம்பனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஒருவருக்கும் எனக்கும் இடையிலான சண்டையாகிவிடும். இதே கதையை வேறு வேறு கம்பனிகளில் ஓடுகிறவர்களிடம் இருந்து 401 நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் ஓஹாயோ ட்ரக் ஸ்டொப்புகளிலும் கேட்டிருக்கிறேன். ஒழுங்காக நடத்துகிறவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை காசு என்றால் வெள்ளிக்கிழமை காசு, பில் கேட்டால் பில் என்று நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த மடலில் அவர்களுக்குக் கோபம் வர எதுவும் இல்லை.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. சேரும்போது நீங்கள் தந்த வாக்கெல்லாம் தமிழில்தான் தந்தீர்கள். "பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்" என்று சொல்லித்தான் எங்கள் ட்ரக்குகளை உங்கள் கம்பனிக்குக் கீழே எடுத்தீர்கள். பிரச்சினை வந்த பிறகுதான் ஆங்கில ஒப்பந்தத்தின் இத்தனையாவது பந்தி என்று காட்டுகிறீர்கள். அந்த ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டால் ஒபிசில் இருக்கிறது என்கிறீர்கள்.

ட்ரக் தொழிலில் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஓனர் ஒப்பரேட்டர் என்றால் ட்ரக் அவருடையது. வங்கிக் கடன், டீசல், டயர், ஒயில் மாற்றுவது, நடுவழியில் நின்றால் இழுத்துக்கொண்டு போகும் கூலி எல்லாம் அவர் தலையில். ஆனால் அவர் தானாக ரோட்டில் இறங்கி லோட் ஏற்ற முடியாது. வர்த்தக வாகனம் ஓட ஒன்ராறியோவின் சி.வி.ஓ.ஆர். பதிவு வேண்டும். எல்லை தாண்டுவதற்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. நம்பரும் அதிகாரப் பத்திரமும் வேண்டும். பெரிய தொகைக்குக் காப்புறுதி வேண்டும். ஒற்றை ட்ரக் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு கம்பனியோடு ட்ரக்கை இணைத்து ஓடுகிறார். கதவில் கம்பனியின் பெயர், கம்பனியின் நம்பர். பல இடங்களில் நம்பர் பிளேட்டும் கம்பனியின் பெயரில்தான் இருக்கும். ஓடும் நேரத்தைப் பதியும் இ.எல்.டி. கருவியும் கம்பனியின் கணக்கில் இருப்பதால், ட்ரக் எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடம் நின்றது என்பது லோட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாட்சருக்கு இருந்த இடத்திலேயே தெரியும். அந்த ஸ்டிக்கர் கதவில் இருக்கும் வரை வேறு எவருடைய லோட்டையும் தொட முடியாது.

இப்படி முழுக்க உங்கள் கைக்குள் இருக்கும் எங்களைத்தான் சுயதொழில் செய்பவர்கள் என்கிறீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்கிறவனுக்கு, தான் ஓடிய லோட் என்ன விலைக்குப் போனது என்று தெரிய வேண்டாமா?

எங்களில் பலர் வீத அடிப்படையில் ஓடுகிறோம். லோட்டுக்கு வரும் காசில் எங்களுக்கு 75 வீதம், உங்களுக்கு 25 வீதம் என்பதுதான் பேச்சு. ஆனால் எதனுடைய 75 வீதம் என்பது எங்களுக்குக் காட்டப்படுவதே இல்லை. டிஸ்பாட்சர் போனில் ஒரு தொகை சொல்வார். செட்டில்மென்ட் தாளிலும் அதே தொகை இருக்கும். வாடிக்கையாளருக்கு நீங்கள் அனுப்பிய இன்வொய்ஸை நாங்கள் பார்த்ததில்லை. லோட் பிடித்துக் கொடுக்கும் புரோக்கரிடம் இருந்து வரும், விலையை உறுதிப்படுத்தும் ரேட் கன்பர்மேஷன் தாளில் விலை இருக்கும் இடத்தைக் கறுப்பால் மறைத்துவிட்டுத்தான் எங்களுக்கு அனுப்புவீர்கள்.

ஒரு தடவை மறைக்காமல் வந்துவிட்டது. லெமிங்டனில் ஒரு கண்ணாடிக் கூடத்தில் தக்காளியும் வெள்ளரியும் ஏற்றிக்கொண்டு நியூயோர்க் புரொங்ஸில் உள்ள ஹண்ட்ஸ் பொயின்ட் சந்தைக்குப் போகும் லோட் அது. குளிரூட்டிய ட்ரெயிலர். டிஸ்பாட்சர் எனக்குச் சொன்ன விலை 2,900 அமெரிக்க டொலர். ஏற்றும் இடத்தில் பிக்கப் நம்பர் கேட்டார்கள், டிஸ்பாட்சர் அவசரத்தில் முழுத் தாளையும் என் போனுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் பக்கத்தின் கீழே 3,400 என்று இருந்தது. 2,900இல் 75 வீதம் 2,175. 3,400இல் 75 வீதம் 2,550. ஒரு லோட்டில் 375 டொலர் என் கைக்கு வராமலே போயிருக்கிறது. எந்த டொக்கில் நிற்கிறேன் என்று கேட்டு அவர் எடுத்த அடுத்த அழைப்பில், அந்தத் தாளை அழித்துவிடச் சொன்னார். உரிமையாளரைக் கேட்டேன். அந்த 500 டொலர் கம்பனியின் செலவுக்கு என்றார். கம்பனியின் செலவுக்குத்தானே அந்த 25 வீதம்?

ஊரில் விளைச்சலைப் பங்கு பிரிக்கும் வாரத்துக்கு வயல் செய்த குடும்பங்களில் இருந்து வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். சூடு அடித்த நெல்லைக் களத்தில் வைத்து, காணிக்காரரும் செய்தவரும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அளந்து பிரிப்பார்கள். காணிக்காரர் நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக அளந்துவிட்டு "உன் பங்கு இவ்வளவு" என்று சொல்லியனுப்பினால் எங்கள் அப்பாமார் அடுத்த போகம் அந்தக் காணியில் கால் வைத்திருக்க மாட்டார்கள். அப்படித் தனியாக அளந்து சொல்லும் கணக்கை நாங்கள் ஏற்க வேண்டும் என்றுதான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்.

அடுத்தது ஃபியூல் சேர்சார்ஜ். டீசல் விலை ஏறினால் சரக்கை அனுப்புகிறவர் அந்த ஏற்றத்தை ஈடுகட்ட, ரேட்டுக்கு மேலே மைலுக்கு இவ்வளவு என்று தரும் காசு அது. அமெரிக்க எரிசக்தித் துறை வாராவாரம் வெளியிடும் சராசரி டீசல் விலையை வைத்து, ஒரு அடிப்படை விலைக்கு மேல் எவ்வளவு ஏறியதோ அதற்கேற்பக் கணக்கிடுவார்கள். அந்தக் காசின் ஒரே நோக்கம் டீசல். டீசலை அடிப்பது யார்? 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு ஒன்ராறியோவில் டீசல் லீற்றருக்கு 2 டொலரைத் தாண்டியது உங்களுக்கு மறந்திருக்காது. நூறு கிலோமீற்றருக்கு 35 லீற்றருக்கு மேல் குடிக்கும் வண்டி இது. அந்த மாதங்களில் சேர்சார்ஜ் ஒழுங்காகக் கிடைத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கிடைக்காதவர்கள் கிரெடிட் கார்ட்டில் டீசல் அடித்தார்கள். "எல்லாம் ரேட்டுக்குள் அடக்கம்" என்று இன்று சொல்கிறீர்கள். வாடிக்கையாளரின் பில்லிலும் அது அடக்கமா, அல்லது அங்கே தனி வரியாகவே நிற்கிறதா? தனி வரியாக நிற்குமானால் அது முழுவதும் டீசல் அடித்தவருக்குச் சேர வேண்டிய காசு.

காத்திருப்புக் காசும் இப்படித்தான். ஏற்றும் இறக்கும் இடங்களில் வழக்கமாக முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம், அதற்கு மேல் மணிக்கணக்கில் டிடென்ஷன் பில் போடலாம். ஹண்ட்ஸ் பொயின்டில் ஒரு இரவு முழுக்க வரிசையில் நின்றவருக்குத் தெரியும் அது என்ன நேரமென்று. ட்ரெயிலரின் குளிரூட்டி இரைந்துகொண்டே இருக்கும், அதற்கும் டீசல் எங்களுடையது. படுக்கவும் முடியாது, கதவு நம்பர் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அமெரிக்காவில் 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம்தான் ஓடலாம் என்ற விதியில் அந்த நேரமும் கரைந்து, அடுத்த லோட் கைவிட்டுப் போகும். வெளியே வரும்போது உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம் போட்டுச் சீல் குத்திய தாளைப் படம் எடுத்து அனுப்புகிறோம். அதற்குப் பிறகு அந்தக் காசு வந்ததா, கேட்டீர்களா, விட்டுக்கொடுத்தீர்களா என்று ஒரு சொல் வராது.

வெட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கும் ஒரு செட்டில்மென்ட் தாளை இப்போது பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். காப்புறுதி, பிளேட், இ.எல்.டி. வாடகை, ட்ரெயிலர் வாடகை, நிர்வாகக் கட்டணம், 407 சுங்க நெடுஞ்சாலைக் கட்டணம், அப்புறம் "மற்றவை" என்று 185 டொலர். அந்த மற்றவை என்னவென்று கேட்டதற்கு ட்ரெயிலர் டயருக்குப் பின்னால் சேறு தடுக்கத் தொங்கும் மட்ஃபிளாப் என்றார் கணக்குப் பார்ப்பவர். அதே மட்ஃபிளாப்புக்கு எனக்கு முன்னால் அந்த ட்ரெயிலரை இழுத்தவரிடமும் வெட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிய வந்தது. திருத்திய இடத்தின் ரசீது ஒன்றும் இல்லை. காப்புறுதிக்கு மாதாமாதம் வெட்டுகிறீர்கள். கம்பனி கட்டும் பிரீமியத்தில் என் ட்ரக்கின் பங்கு எவ்வளவு, நீங்கள் வெட்டுவது எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது. சரக்குக்குச் சேதம் வந்தால், காப்புறுதி தராமல் நம் கையில் இருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள் முழுவதும் எங்கள் தலையில் விழுகிறது. ஆனால் பொலிசியின் ஒரு பக்கத்தைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

விலகுவது இன்னும் கஷ்டம். நான் விலகப்போகிறேன் என்று சொன்ன அன்றே பிளேட்டைக் கழற்றி வாங்கிவிட்டார்கள், ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள், இ.எல்.டி. கருவியைப் பிடுங்கிவிட்டார்கள். பிளேட் இல்லாத ட்ரக் யார்டில் நின்றது. வேறு கம்பனியில் சேர்ந்து, புதுப் பிளேட் வந்து, காப்புறுதியில் பெயர் ஏறும் வரை வங்கிக் கடன் மட்டும் நிற்காமல் ஓடியது. என்னிடம் இருந்து எடுக்க வேண்டியதை எல்லாம் ஒரே நாளில் எடுக்க முடிந்தவர்களால், எனக்குத் தர வேண்டிய ஹோல்ட்பாக் காசை மட்டும் தர முடியவில்லை. முதலில் 407 பில் வரட்டும் என்றார்கள். பிறகு சரக்குச் சேதம் ஏதும் வருகிறதா பார்ப்போம் என்றார்கள். பிறகு கணக்காளர் லீவு. கடைசியில் ஒரு பட்டியல் வந்தது, திகதி இல்லாமல், ரசீது இல்லாமல், கூட்டிக் கழித்தால் அனேகமாக என் முழுக் காசையும் விழுங்கும் மாதிரி.

அரசாங்கத்திடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். இது இரண்டு வணிகங்களுக்கு இடையிலான ஒப்பந்தம், தாங்கள் தலையிட முடியாது என்றார்கள். சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது. கிழமை முழுக்க ரோட்டில் கிடப்பவன் எந்த நாளில் போய் நிற்பது?

கனடாவின் சட்டம் எங்களைத் தெரியாமல் இல்லை. கனடா தொழிற் சட்டக்கோவையின் முதலாம் பகுதியில், சரக்கு ஏற்றும் வாகனத்தைத் தானே கொண்டுவந்து, ஒப்பந்தப்படி ஓட்டி, செலவு போக மிஞ்சுவதைத் தனக்கு எடுத்துக்கொள்பவரைத் தங்கியிருக்கும் ஒப்பந்தக்காரர் என்று வரையறுத்து எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்களை அச்சடித்த மாதிரியான வரையறை. தொழிற்சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமை அந்தப் பகுதியில் வருகிறது. சம்பளம், வெட்டுகள் பற்றிய மூன்றாம் பகுதியில் எங்களுக்கு இடமில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2014இல் வன்கூவர் துறைமுகத்துக் கொள்கலன் ட்ரக்காரர்கள் வேலையை நிறுத்திப் போராடிய பிறகு, அதே ஆண்டில் கொள்கலன் ட்ரக் சட்டம் வந்தது. அங்கே ஓனர் ஒப்பரேட்டர்களுக்கான குறைந்தபட்ச ரேட்டை அமலாக்க ஒரு ஆணையாளரே இருக்கிறார். ஒன்ராறியோவில் எங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1979இல், அன்றைய மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழு இதற்கென்றே விதிகள் கொண்டுவந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை ஏறி, ஓனர் ஒப்பரேட்டர்கள் வீதிக்கு இறங்கி, தங்களுக்கென்று சங்கம் தொடங்கிய அந்தத் தசாப்தத்தின் பலன் அது. இன்றும் அந்த விதிகள் கூட்டாட்சி ஒழுங்குவிதிகளில் 376ஆம் பகுதியாக இருக்கின்றன. அவற்றில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் பிரதி ஓனர் ஒப்பரேட்டர் கையில் இருக்க வேண்டும். வேண்டிய டெலிவரி பத்திரங்களைக் கொடுத்து 15 நாளுக்குள் காசு தர வேண்டும். வீத அடிப்படையில் காசு கொடுத்தால், செட்டில்மென்டுக்கு முன்போ அதோடு சேர்த்தோ, விலை போட்ட பில்லின் பிரதியைக் கொடுத்தே ஆக வேண்டும். எதற்கு வெட்டுவீர்கள், அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கம்பனியிடம்தான் சாமான் வாங்க வேண்டும், வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பிடித்து வைக்கும் காசுக்கு வட்டி தர வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

உங்களில் பலரின் ட்ரக்குகள் ஒவ்வொரு இரவும் வின்சரில் அம்பாசடர் பாலத்தையும் சார்னியாவில் புளூ வோட்டர் பாலத்தையும் தாண்டி அந்த நாட்டுக்குள் போகின்றன. அந்த நாட்டின் அதிகாரப் பத்திரம் வைத்துத் தொழில் செய்யும் உங்களுக்கு அந்த விதிகள் புதிதாக இருக்க முடியாது. இங்கே ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகச் செய்யாமல் இருக்கிறீர்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் செய்யலாம். எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளரின் பெயரைப் பார்த்துவிட்டு ஓனர் ஒப்பரேட்டர் நேரே போய் அவரைப் பிடித்துவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. நியாயமான பயம். அமெரிக்க விதியும் அதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது: அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயர்களை மறைத்துவிட்டுப் பில்லைக் கொடுக்கலாம். பெயரை மறையுங்கள், விலையைக் காட்டுங்கள். இப்போது நீங்கள் செய்வது நேர்மாறு. ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் எங்களுக்குத் தெரியும், நாங்கள்தானே போகிறோம். மறைப்பது விலையை மட்டும்தான்.

புரோக்கர்கள் காசு தர 30, 45, சில நேரம் 60 நாளாகிறது, அதுவரை நீங்கள் உங்கள் கையில் இருந்து போடுகிறீர்கள் என்பதும் உண்மை. சிலர் காசே தராமல் கடையை மூடிவிட்டுப் போனதும் உண்மை. ஒன்ராறியோவில் ட்ரக் காப்புறுதி என்ன விலை என்று எங்களுக்கும் தெரியும். 2021இல் லோட் விலை உச்சத்தில் இருந்தபோது பழைய ட்ரக்குகளும் தீ விலைக்குப் போயின. நீங்களும் வாங்கினீர்கள், நாங்களும் வாங்கினோம். பிறகு லோட் விலை விழுந்தது. கனடா வங்கியின் வட்டி வீதம் 2022 தொடக்கத்தில் இருந்த 0.25இல் இருந்து 2023 யூலையில் 5 வீதத்துக்குப் போனது. அடி எல்லோருக்கும்தான். ஆனால் உங்கள் அடியை எங்களுக்குச் சொல்லாமல் எங்கள் பங்கில் இருந்து எடுத்துச் சமாளிப்பதை ஏற்க முடியாது. 25 வீதம் போதாது என்றால் 28 வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இருந்து கதைப்போம். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் விலகுவார்கள். அது நேர்மையான வியாபாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் ஒரு காலத்தில் வேறு ஆட்களின் கம்பனிகளில் ஓட்டுநராக இருந்தவர்கள். லிசன்ஸ் எடுக்க யார் யாரிடமோ கடன் வாங்கி, வேற்று மொழிக்கார டிஸ்பாட்சரிடம் ஏச்சு வாங்கி, பனிக்காலத்தில் 401இல் லண்டனுக்கும் வின்சருக்கும் இடையில் எதிரே ஒன்றும் தெரியாத பனிப்புழுதியில் ஓடித்தான் முதல் ட்ரக்கை வாங்கினீர்கள். அதனால்தான் எங்கள் ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள். அண்மையில் வந்த பிள்ளைகள், அகதி விண்ணப்பம் முடிந்து வேலை அனுமதி கிடைத்தவர்கள், தொழிற்சாலை மூடி வேலை போனவர்கள், எல்லோரும் முதலில் "தமிழாக்களின் கம்பனி ஏதும் இருக்கோ" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களிடம் பிழையான கணக்கைக் காட்டினால் அவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் தடுக்கும், கூச்சம் தடுக்கும், நாளைக்குக் கோயிலிலோ கலியாண வீட்டிலோ உங்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்ற நினைப்புத் தடுக்கும். இந்தக் கூச்சத்தைத்தான் சிலர் காசாக்குகிறீர்கள். எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் வலிப்பது இதுதான்.

ட்ரக் சொந்தமாக இல்லாத பிள்ளைகளையும் தங்கள் பேரில் நம்பர் கம்பனி (பெயருக்குப் பதில் நம்பரில் பதியும் கம்பனி) ஒன்றைப் பதியச் சொல்லி, ஊழியர் என்ற கணக்கில் இருந்து வெளியே வைக்கும் வேலையும் நடக்கிறது. உங்கள் ட்ரக்கை, உங்கள் டீசலில், உங்கள் சொற்படி ஓட்டுகிறவர் உங்கள் ஊழியர். மத்திய சட்டத்துக்குக் கீழே வரும் கம்பனிகள் ஊழியரை வேறாகக் காட்டுவதை கனடா தொழிற் சட்டக்கோவை 2021 ஜனவரி 1இல் இருந்து தடைசெய்திருக்கிறது. கம்பனியே தன் ட்ரக்கை வாடகைக் கொள்வனவில் ஓட்டுநருக்குக் கொடுத்து, கட்டி முடிக்கும் முன்பே காரணம் சொல்லித் திருப்பி எடுத்து, அடுத்தவருக்குக் கொடுக்கும் திட்டங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். அமெரிக்காவில் இதை ஆராய்ந்த கூட்டாட்சிப் பணிக்குழு, இந்த மாதிரித் திட்டங்களையே தடைசெய்யும்படி 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ட்ரக் சொந்தமாக வைத்திருப்பவர்களின் விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி நான் கேட்பது.

ஒவ்வொரு ஓனர் ஒப்பரேட்டருக்கும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் பிரதியை இந்த மாதத்துக்குள் கொடுங்கள். அதில் ஏதாவது ஒன்றை மாற்றுவதென்றால் குறைந்தது 30 நாள் முன்னால் எழுத்தில் அறிவியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவது அறிவித்தல் ஆகாது. போன மாதம் அப்படி அறிவித்ததைத் திரும்பப் பெறுங்கள்.

வீத அடிப்படையில் ஓடுகிறவர்களுக்கு ஒவ்வொரு செட்டில்மென்டோடும் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்லின் பிரதியைக் கொடுங்கள். பெயர்களை மறைத்துக்கொள்ளுங்கள். ரேட், ஃபியூல் சேர்சார்ஜ், டிடென்ஷன் மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சேர்சார்ஜ் முழுவதையும் டீசல் அடிப்பவருக்கே தாருங்கள். டிடென்ஷன் கேட்டு வரவில்லை என்றால், கேட்ட மின்னஞ்சலைக் காட்டினால் போதும்.

ரசீது இல்லாமல் எதையும் வெட்டாதீர்கள். "மற்றவை" என்ற வரியைச் செட்டில்மென்ட் தாளில் இருந்து எடுத்துவிடுங்கள். காப்புறுதிக்கு வெட்டுகிறவர்கள் பொலிசியின் சான்றிதழையும், அந்த ட்ரக்குக்கான பிரீமியம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

பிடித்து வைத்திருக்கும் காசைக் கம்பனியின் நாளாந்தச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். விலகிய 45 நாளுக்குள், கழித்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீதோடு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே விலகியவர்களுக்கும் இது சேர வேண்டும், நான் உட்பட. ஒருவர் விலகும்போது மற்றக் கம்பனியில் பிளேட் வரும் வரை பழைய பிளேட்டை எத்தனை நாள் விட்டுவைப்பீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஒன்ராறியோ அரசிடமும் மத்திய தொழில் அமைச்சிடமும் அமெரிக்காவின் 376ஆம் பகுதி மாதிரி ஒரு விதியை இங்கேயும் கொண்டுவரச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒழுங்காக நடத்தும் கம்பனிகளுக்கு இதனால் நட்டம் இல்லை. ஓனர் ஒப்பரேட்டரின் பங்கில் கை வைத்து ரேட்டைக் குறைக்கும் கம்பனியோடு போட்டி போட வேண்டிய நிலை அவர்களுக்கும் இருக்காது. ஆகவே உங்களில் முடிந்தவர்கள் அந்த மனுவில் கம்பனியின் பெயரோடு கையெழுத்திடுங்கள்.

இதற்கான பதிலைத் தயவுசெய்து எனக்குத் தனியாகப் போன் எடுத்துச் சொல்ல வேண்டாம். உங்கள் கம்பனியில் ஓடும் எல்லா ஓனர் ஒப்பரேட்டர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். மேலே கேட்டதில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று வரி வரியாக எழுதுங்கள்.

லோங் ஹோல் ஓடும் ஒரு ஓனர் ஒப்பரேட்டர்,
ஸ்காபரோ